ரம்மும் புகையும் ஒரே டின்னில்: எதை வாங்குவது?

"எனக்கு அந்த அடுப்படிப் புகை மணமும் வேணும், ரம்மும் வேணும். நாலு டின் வாங்கிப் பரீட்சை பண்ண என்னட்டக் காசில்லை மச்சான். ஒண்டைச் சொல்லு."

போன மாதம் நண்பன் ஒருவன் தொலைபேசியில் கேட்டது இது. அவன் சுங்கான், அதாவது புகையிலைக் குழாய், பிடிக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் இருக்கும். வனிலா, செரி என்று மணக்கும் மலிவான புகையிலைப் பைகளில் தொடங்கினான். மணக்கிற அளவுக்கு அவை ருசிக்கவில்லை என்று கண்டுபிடித்தான். இப்போது கொஞ்சம் கனதியாக ஒன்றைத் தேடுகிறான். பதில் சொல்வது சுலபம் என்றுதான் நினைத்தேன். அவன் கேட்ட வகையில் நாலு டின் என் அலமாரியிலேயே இருந்தன. ஆனால் வாயைத் திறந்தபோதுதான் எனக்கே தெளிவில்லை என்று தெரிந்தது. "ஒரு மாதம் பொறு" என்று சொல்லி போனை வைத்தேன்.

மேலே போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுங்கான் புகையிலையும் புகையிலைதான். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் வாய்க்கும் தொண்டைக்கும் வரும் ஆபத்து போய்விடாது. வாய்ப் புற்றுநோய்க்கு அது போதும். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே பிடிப்பவன் ஒருவன் எதை வாங்குவது என்று கேட்டதற்கான பதில் மட்டுமே இது.

நாலு டின்களும் இவை. டென்மார்க்கின் மக் பாரென் நேவி ஃபிளேக் (ஃபிளேக் என்றால் அழுத்திய இலையைப் பட்டையாக வெட்டியது). அமெரிக்கக் கலவையாளர் கிரெக் பீஸ் உருவாக்கிய நாவிகேட்டர், செக்ஸ்டன்ட் என்ற இரண்டு. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துச் சாமுவேல் கேவித் நேவி ஃபிளேக். நான்கிலும் ரம் உண்டு. புகை நான்கிலும் ஒரே அளவில் இல்லை, ஒரே வகையிலும் இல்லை. அங்கேதான் சிக்கல்.

முதலில் ரம்மைப் பார்ப்போம். டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற ரம் வேறு, பற்றவைத்த பிறகு நாக்கில் தெரிகிற ரம் வேறு. இது பிடிபட்டால் பாதித் தேர்வு முடிந்தது. ரம்மில் உள்ள மதுசாரமான எத்தனோல் 78 பாகை செல்சியஸில் கொதிக்கும். புகையிலையை நிரப்பும் சுங்கான் கிண்ணத்தின் தணலோ பல நூறு பாகை. ஜமேக்கா ரம்முக்குப் பேர் வாங்கித் தந்த அந்தக் கனிந்த வாழைப்பழ, அன்னாசி வாசனைகள் எஸ்டர்களால் வருபவை. அவையும் இலகுவில் ஆவியாகிவிடும். மேலே தணல் எரிகிறபோதே அடியில் இருக்கும் இலை சூடேறி இவற்றை விட்டுவிடுகிறது. அதனால் முதல் ஐந்து நிமிடம் ரம் நன்றாகத் தெரியும், அப்புறம் மங்கிக்கொண்டே போகும். பாதிக் கிண்ணத்துக்கு மேல் மிஞ்சுவது கரும்புப் பாகின் அடிச்சுவை போன்ற ஒன்று. சுட்ட கருப்பட்டியின் கடைசித் துண்டை வாயில் அடக்கி வைத்திருப்பது மாதிரி.

ஆகவே "ரம் வாசம் தூக்குது" என்று ஒருவர் சொன்னால், டின்னிலா கிண்ணத்திலா என்று கேட்டுவிட வேண்டும். டின்னில் தூக்குவதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வெட்டி முடித்த இலையின் மேல் வாசனைத் திரவத்தைத் தெளித்து அடைப்பது. பல வருடங்களுக்கு முன் நான் வாங்கிய ஒரு மலிவுப் பை அப்படித்தான் இருந்தது. திறந்தால் மதுச்சாலை, பற்றவைத்தால் சுடுநீராவி. பெயர் இப்போது எதற்கு.

மற்ற வழி இலைக்குள் ஊறவைப்பது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்குக் கோடா என்ற பாணியைப் போடுவதை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இலை வெட்டுப்படுமுன்பே பாணியை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பிறகு அழுத்தி, கட்டியாக்கி, ஆறப்போட்டு வெட்டினால் வாசனை இலையின் சொந்தக் குணம்போல ஆகிவிடும். 'நேவி' என்ற பெயர் இங்கிருந்துதான் வருகிறது. பிரித்தானியக் கடற்படை மாலுமிகள் தங்களுக்குக் கிடைத்த இலையில் ரம் தெளித்து, கித்தான் துணியில் சுருட்டி, கயிறால் இறுக்கிக் கட்டி வைப்பார்கள். நாட்கள் போக அது இறுகிக் கட்டையாகும்; வேண்டும்போது கத்தியால் சீவிக்கொள்வார்கள். ரம்முக்குத் தட்டுப்பாடு இல்லாத இடம் அது. 1740இல் அட்மிரல் வெர்னன் ரம்மில் தண்ணீர் கலந்து கொடுக்க ஆணையிட்டார். மாலுமிகளின் தினசரிப் பங்கு 1970 ஜூலை 31இல்தான் நிறுத்தப்பட்டது. இலையில் ரம் ஊற்றியவர்கள் நறுமணத்துக்காக மட்டும் ஊற்றவில்லை, இலை காய்ந்து பொடியாகாமல் இருக்கவும்தான். இந்தக் காலத்து நேவி டின்கள் அந்தக் கித்தான் சுருளின் பேரப்பிள்ளைகள். சில பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் முகம் இருக்கிறது, சிலருக்குப் பெயர் மட்டும்தான்.

இனிப் புகை. என் நண்பன் "புகை மணம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். உண்மையில் இரண்டு புகைகள் உண்டு. இரண்டும் பிறக்கும் இடமே வேறு.

ஒன்று லத்தாக்கியா. சிரியாவின் துறைமுக நகரத்தின் பெயர். ஓரியன்டல் என்ற கிழக்கத்திய வகைச் சிறிய இலையை அறுத்து உலர்த்தி மூடிய கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே மரத்தையும் வாசனைச் செடிகளையும் கனலவைத்து நீண்ட நாட்கள் புகை போடுவார்கள். இப்போது டின்களில் கிடைப்பது பெரும்பாலும் சைப்ரஸ் வகை. அங்கே மஸ்தகிப் புதர், மிர்ட்டில், பைன் போன்றவற்றை மூட்டுகிறார்கள். பிசினுள்ள செடிகள் என்பதால் அந்தப் புகையில் ஒரு சாம்பிராணித்தன்மை இருக்கும். இலை கறுத்து, எண்ணெய் தடவியது போல் வரும். மேல்நாட்டவர்கள் இதற்குத் தோல் மணம், முகாம் நெருப்பு என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு முதல்முறை நினைவுக்கு வந்தது மாசிக் கருவாடு. சம்பலுக்கு மாசி இடிக்கிறபோது எழும் வாசத்தோடு கோயில் தூபக்காலைச் சேர்த்தால் என்னவோ, அதுதான் லத்தாக்கியா. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் பிடித்துப் பார்த்த ஈழத்துக்காரர் யாரும் இதை மறுத்ததில்லை.

மற்றது கென்டக்கி. அமெரிக்காவில் மேற்குக் கென்டக்கியிலும் டென்னசியிலும் பெரிய, தடித்த இலையைக் களஞ்சியத்தில் தொங்கவிட்டு, தரையில் வன்மரத் துண்டுகளை அடுக்கி மரத்தூளால் மூடிக் கனலவைக்கிறார்கள். பிசின் இல்லாத மரம். அதனால் தூபவாசம் வராது. வாட்டிய இறைச்சியின் புகை வரும், கொஞ்சம் காரமும் புளிப்பும் சேர்ந்து. நிக்கொட்டினும் அதிகம். யாழ்ப்பாணத்தில் என் மாமாவின் தோட்டத்துப் புகையிலைக்குப் பொச்சுமட்டை (தேங்காய் மட்டை) மூட்டிப் புகை போடுவார்கள். அந்தக் குடிலுக்குள் எட்டிப் பார்த்துக் கண் எரிந்து ஓடியிருக்கிறேன். அந்த வாசத்துக்குக் கிட்ட நிற்பது கென்டக்கிதான், லத்தாக்கியா இல்லை. ஆகவே நண்பன் சொன்ன "அடுப்படிப் புகை" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் அவனுக்கு வேண்டியது கென்டக்கி என்று ஆகிவிடும். பிறகு கேட்டபோது, யாரோ ஒருவருடைய சுங்கானில் லத்தாக்கியாவை மோந்துவிட்டுத்தான் அந்தச் சொல்லைச் சொன்னான் என்று தெரிந்தது. வாசனைக்குப் பெயர் சொல்வதில் நாம் எல்லாரும் இப்படித்தான்.

எப்படிப் பரீட்சித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் முடிவுக்கு மதிப்பில்லை. பிரையர் புதரின் வேர்க்கட்டையில் செய்த வழக்கமான சுங்கான்களில் பழைய புகையிலைகளின் வாசனை ஊறிப்போயிருக்கும். லத்தாக்கியா ஊறினால் லேசில் போகாது. அதனால் மக்காச்சோளத் தக்கையில் செய்த மலிவான சுங்கான்கள் நான்கு எடுத்துக்கொண்டேன், டின்னுக்கு ஒன்றாக. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1869இலிருந்து இவற்றைச் செய்துவருகிறார்கள். வேர்க்கட்டைச் சுங்கானின் விலையில் ஒரு சிறு பங்குதான். இலையைப் பிரித்துத் தட்டில் பரப்பி, விரலால் அழுத்தினால் ஒட்டாமல் மெதுவாக விரியும் பதம் வரும்வரை காயவைத்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று கிண்ணம், வெவ்வேறு நாட்களில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, கூடக் குடிக்க வெறும் தண்ணீர். தேநீரோடு பிடித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

முதல் கிண்ணத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. ஒரு புதுக் கலவையின் முதல் கிண்ணத்தில் நாம் ருசிப்பது நம் எதிர்பார்ப்பைத்தான். இரண்டாவதில் குறை தெரியும். மூன்றாவதில்தான் இலை பேசும்.

மக் பாரெனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மோசம் என்பதால் அல்ல, நண்பன் கேட்டது அதில் இல்லை என்பதால். இனிப்பான வர்ஜீனியா, பர்லி என்ற இலை வகைகளும், அவர்கள் அழுத்திப் பதப்படுத்தும் கேவண்டிஷும் சேர்ந்த அழகான பட்டைகள். டின்னைத் திறந்தால் தேன் பூசிய பாண், கொஞ்சம் கொட்டை வகை மணம், பின்னால் ரம். நான்கிலும் ரம் ஒரு சுவையாகத் தனித்து நிற்பது இதில்தான். பாதிக் கிண்ணத்துக்கு மேலும் இனிப்பாக ஓடுகிறது. ஆனால் புகை என்று எதுவும் இல்லை. சர்க்கரை நிறைந்த இலை என்பதால் அவசரப்பட்டு இழுத்தால் நாக்கு பொரியும். இரண்டாவது கிண்ணத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே வேகமாக இழுத்து, மறுநாள் இரசம் குடிக்க முடியாமல் அவதிப்பட்டேன். அது என் தவறு, டின்னின் தவறு இல்லை. ரம் மட்டும் போதும் என்பவர்கள் இதை வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் படிக்காமல் விடலாம்.

நாவிகேட்டர் என்னைக் குழப்பிய டின். வர்ஜீனியாவோடு கென்டக்கி, மேலே கரும் ரம், லத்தாக்கியா இல்லை. கட்டியாக அழுத்தி வெட்டியிருப்பார்கள், கையில் எடுத்தால் உடைந்து விழும். டின் வாசத்தில் உலர்ந்த திராட்சையும் பழைய மர அலுமாரியும். பற்றவைத்ததும் ரம் ஒரு தரம் தலையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறது. அப்புறம் கென்டக்கி மெல்ல எழும்புகிறது, மிளகுத்தன்மையோடு. மூன்றாவது கிண்ணத்தின் நடுவில், பொச்சுமட்டைப் புகைக்குடிலின் வாசலில் நிற்பது போல ஒரு கணம் வந்தது. அந்தக் கணத்துக்காக நான் இதை மறுபடி வாங்குவேன். ஆனால் அது என் மாமாவின் தோட்டம். நண்பன் கொழும்பில் வளர்ந்தவன். அவனுக்கு அந்தக் குடில் தெரியாது. இந்த டின் அவனுக்கு "நல்லாத்தான் இருக்கு, ஆனா புகை எங்க?" என்ற கேள்வியில்தான் முடியும்.

மிச்சம் இரண்டு. போட்டியே இவற்றுக்குள்தான்.

கெண்டல் இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிப் பிரதேசத்தின் ஓரத்தில் உள்ள சிறு நகரம். மலையேறுகிறவர்கள் பையில் வைத்துக்கொள்ளும் மின்ட் கேக் என்ற புதினா இனிப்புக்குப் பேர்போனது. புகையிலையும் அதே ஊரின் தொழில். 1792இல் அங்கே மூக்குப்பொடி ஆலை வந்த நாளிலிருந்து தொடர்கிறது. சாமுவேல் கேவித்தின் நேவி ஃபிளேக் நீளமான, தடித்த, கருமை படர்ந்த பட்டைகளாக வரும். வர்ஜீனியாதான் முதுகெலும்பு, லத்தாக்கியா கொஞ்சம், ரம். பட்டைகள் ஈரமாகத்தான் வரும், அது அந்த ஊர்ப் பாணி. டின்னிலிருந்து நேரே சுங்கானுக்குப் போட்டால் தீக்குச்சிப் பெட்டி முழுதும் காலியாகும். ஒரு மணி நேரம் காயவிடுங்கள். மழை நாளென்றால் இரண்டு.

காய்ந்த பிறகு கிடைப்பது ஒரு அடக்கமான விஷயம். வர்ஜீனியாவின் வைக்கோல் இனிப்பு முன்னால், பின்னால் எங்கேயோ தூபம். ரம் எங்கே என்று தேடினால் கிடைக்காது; தேடாமல் விட்டால் தெரியும். அதாவது இனிப்புக்கும் புகைக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு வெடிப்பு இல்லை, அந்த வெடிப்பை அடைத்திருப்பதுதான் ரம். முதல் கிண்ணத்தில் எனக்கு ஏமாற்றம். "லத்தாக்கியா போதாது" என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மூன்றாவது கிண்ணத்தில் அந்த வரியை அடித்தேன். லத்தாக்கியா கூடியிருந்தால் இந்த ரம் செத்திருக்கும்.

இதுதான் இந்த வகையின் அடிப்படைப் பிரச்சினை. புகை வலியது, ரம் மெலியது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் புகைதான் ஜெயிக்கும். மாசி போட்ட கறிக்குள் ஏலக்காயைத் தேடுவது போல. கலவையாளர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: புகையைக் குறைத்து ரம்முக்கு இடம் விடலாம், அல்லது ரம்மை ஒரு சுவையாகக் காட்டும் ஆசையை விட்டுவிட்டு, புகையின் முரட்டுத்தனத்தைத் தணிக்க மட்டும் பயன்படுத்தலாம். கெண்டல்காரர்கள் முதல் வழியில் போனார்கள். கிரெக் பீஸ் செக்ஸ்டன்டில் இரண்டாவது வழியில் போனார்.

செக்ஸ்டன்ட் என்பது கடலில் சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்துக் கோணம் அளக்கும் கருவி. கப்பற்பெயர் வைக்காமல் இந்த வகையை யாரும் விற்பதில்லை. டின்னைத் திறந்தால் கறுப்புக் கட்டி ஒன்று. வர்ஜீனியா, ஓரியன்டல், கென்டக்கி, சைப்ரஸ் லத்தாக்கியா, கரும் ரம், எல்லாம் அழுத்தி வெட்டியது. நான் மேலே பிரித்துச் சொன்ன இரண்டு புகைகளும் இதில் ஒன்றாக இருக்கின்றன. தூபம் மேலே, வன்மரப் புகை கீழே. ஓரியன்டலின் மெல்லிய புளிப்பு நடுவில் வந்துபோகும். டின்னில் மூக்கை வைத்தால் பழக்கமில்லாதவர் முகத்தைத் திருப்புவார். என் மனைவி கேட்டது, "என்ன, எங்கேயோ வயர் எரியுதா?"

பற்றவைத்த முதல் சில நிமிடம் ரம் தெரிகிறது, பழம் ஊறிய கிறிஸ்மஸ் கேக் போல. பிறகு லத்தாக்கியா மேடையைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் சாதாரண லத்தாக்கியாக் கலவைகளில் பாதிக் கிண்ணத்துக்குப் பிறகு வரும் ஒரு வறட்சி, சாம்பல்தன்மை இதில் வரவில்லை. கடைசிவரை ஒரு ஈர இனிப்பு அடியில் ஓடுகிறது. ரம் செய்த வேலை அதுதான் என்று நினைக்கிறேன். ரம் இல்லாத லத்தாக்கியாக் கலவை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பிடித்துப் பார்த்தேன், வித்தியாசம் அங்கேதான் விழுந்தது.

பலம் விஷயத்தில் செக்ஸ்டன்ட் கொஞ்சம் பொல்லாதது. கென்டக்கி இருக்கிறதல்லவா. கெண்டல் டின்னைக் காலையில் பிடிக்கலாம். இதைச் சாப்பிட்ட பிறகுதான். வெறும் வயிற்றில் பிடித்துத் தலை சுற்றினால் சுங்கானை வைத்துவிட்டுச் சீனி போட்ட தேநீர் ஒன்று குடியுங்கள்.

ஐந்தாவதாக ஒரு வழியும் இருக்கிறது, நானே கலப்பது. மக் பாரென் நான்கு பங்குக்கு, தனி லத்தாக்கியாவாக வாங்கியது ஒரு பங்கு, கண்ணாடிப் போத்தலில் மூன்று வாரம். பேராசைதான். ரம் தூக்கலான இலையோடு புகையைச் சேர்த்தால் இரண்டும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். கிடைத்தது இரண்டும்தான், ஆனால் அடுத்தடுத்து. ஒரு இழுப்பு ரம், அடுத்த இழுப்பு மாசி. இரண்டும் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் மாமியார் மருமகள் மாதிரி. அழுத்திக் கட்டியாக்கி வைத்தால் சேர்ந்திருக்கலாம். அதற்குரிய அச்சும் பொறுமையும் என்னிடம் இல்லை. காசு மிச்சம் என்று நினைத்து இந்த வழியில் போகாதீர்கள், இரண்டு டின் காசு போகும்.

சரி, ஒரே டின் என்றால்? அது வாங்குகிறவரின் வீட்டைப் பொறுத்தது என்று சொன்னால் நழுவுவது போலிருக்கும், ஆனால் சில காரியங்கள் உண்மையிலேயே வீட்டைப் பொறுத்தவைதான். நண்பன் இருப்பது அடுக்குமாடி, சுங்கான் பிடிப்பது மாடி முகப்பில். செக்ஸ்டன்டின் வாசம் சட்டையிலும் திரைச்சீலையிலும் மறுநாள்வரை நிற்கும். அவனிடம் இருப்பது இரண்டே சுங்கான், அதில் ஒன்று அப்பா கொடுத்த வேர்க்கட்டை. அதில் செக்ஸ்டன்டைப் போட்டால் அதற்குப் பிறகு வேறெந்தப் புகையிலையும் அதில் சுத்தமாக ருசிக்காது. சோளத்தக்கைச் சுங்கான் ஒன்றையும் கூடவே வாங்க வேண்டும். கெண்டல் டின்னில் லத்தாக்கியா குறைவு; வாசனை ஊறும், ஆனால் சில வர்ஜீனியாக் கிண்ணங்களில் போய்விடும்.

வைத்திருக்கும் காலமும் ஒரு கணக்கு. அவன் வாரத்துக்கு ஒன்றிரண்டு கிண்ணம்தான் பிடிக்கிறான். 50 கிராம் டின் அவனுக்கு நாலைந்து மாதம் போகும். திறந்த டின்னில் ரம் வாசம் அவ்வளவு காலம் நிற்காது. எதை வாங்கினாலும் அன்றைக்கே காற்றுப் புகாத சிறு போத்தல்களில் பிரித்துப் போட வேண்டும். திறக்காமல் வருடக்கணக்கில் வைக்கிற எண்ணம் என்றால் வர்ஜீனியா நிறைந்த கெண்டல் டின் முதிரும், இனிமையாகும். லத்தாக்கியா அப்படியல்ல, வருடங்கள் போகப் போகப் புகை அடங்கிக்கொண்டே வரும். செக்ஸ்டன்டைப் புகைக்காக வாங்கிவிட்டு அந்தப் புகை அடங்கும்வரை பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் புத்தி சொல்வது கெண்டல். ரம்மையும் புகையையும் ஒருவரையொருவர் கொல்லாமல் ஒரே கிண்ணத்தில் வைத்திருப்பது நான்கிலும் அது ஒன்றுதான். சாவகாசமாக மூன்றாவது கிண்ணம்வரை பொறுக்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் நண்பன் பொறுக்கிறவன் இல்லை. வனிலாப் பைகளில் ஏமாந்த அலுப்பு இன்னும் போகாதவன். முதல் கிண்ணத்திலேயே "ஓ, இதுதானா!" என்று வர வேண்டும் அவனுக்கு. அந்த அதிர்ச்சியைத் தருவது செக்ஸ்டன்ட் மட்டுமே. ரம்மைத் தேடி ஏமாறக் கூடாது என்று மட்டும் எச்சரித்துவிட்டால் போதும். ஆகவே என் பதில்: எனக்கென்றால் கெண்டல், அவனுக்கென்றால் செக்ஸ்டன்டும் ஒரு சோளத்தக்கைச் சுங்கானும். அப்பாவின் சுங்கானைத் தொடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். கடைசியில், "உன்ர செக்ஸ்டன்ட் டின்னில எவ்வளவு மிச்சம் கிடக்கு?" என்றான். அரை டின்னுக்குக் கிட்ட இருந்தது. அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போனான், வரும்போது சோளத்தக்கைச் சுங்கானை மறக்காமல் வாங்கிக்கொண்டுதான் வந்தான். கெண்டல் டின்னை முன்கூட்டியே அலமாரியின் மேல்தட்டில், மனைவியின் தையல் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன்.